நிற்கும் நேரம்தான் கணக்கு: நடமாட்டம் குறைந்தவர்களுக்கான நான்கு உணவு வழிகள்

"15 நிமிடத்தில் தயார்" என்ற சமையல் குறிப்பைப் பார்த்தால், அதில் எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்றுதான் முதலில் பார்ப்பேன். நறுக்கி, வதக்கி, கிளறி இறக்குகிற சமையல் என்றால் 15 நிமிடமும் கால் தரையில்தான். எல்லாவற்றையும் எலக்ட்ரிக் குக்கரில் போட்டு மூடுகிற சமையலுக்கு முக்கால் மணி நேரம் ஆகலாம், ஆனால் நிற்பது ஐந்து நிமிடம். மூட்டு தேய்ந்தவருக்கும் வாக்கரில் நடப்பவருக்கும் இந்த இரண்டாவதுதான் விரைவுச் சமையல்.

அம்மா வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது. வாக்கரைப் பிடித்தால் இரண்டு கையும் போய்விடும். ஃப்ரிட்ஜில் நல்ல சாப்பாடு இருந்தாலும் கிண்ணத்தை மேஜைவரை கொண்டுபோக வழி இல்லை. கைக்கு எட்டுவது பிஸ்கெட் டப்பா மட்டும். அம்மாவுக்கு எடை ஏறியது அப்படித்தான்.

நடமாட்டம் குறைந்தால் உடல் செலவழிக்கும் கலோரி குறைகிறது, பசி அந்த அளவுக்குக் குறைவதில்லை. கூடவே தசையும் கரைகிறது. அதனால் "பாதி வயிறு சாப்பிடு" என்ற யோசனை எனக்கு ஒப்பவே ஒப்பாது. எடையோடு தசையும் போய், நாற்காலியிலிருந்து எழுவதே பாடாகிவிடும். வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தினமும் வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுத்தான் இந்த அளவை முடிவு செய்ய வேண்டும்.

சரி, அதிகம் நிற்காமல், தசையை இழக்காமல் எடையைக் கட்டுக்குள் வைக்கும் வழிகளுக்கு வருவோம்.

ஒரே நாளில் சமைத்து ஃப்ரீசரில் வைப்பது

என் முதல் ஓட்டு இதற்குத்தான். உடம்பு ஒத்துழைக்கும் நாளில், அல்லது உதவிக்கு ஆள் வரும் நாளில், பருப்பும் காய்கறியும் சேர்த்து ஒரு பெரிய பாத்திரம் சமைத்தால் எட்டு வேளைக்கு ஆகும். வெந்த பருப்பு 100 கிராமில் சுமார் 9 கிராம் புரதம், கிட்டத்தட்ட 8 கிராம் நார்ச்சத்து. உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு மலச்சிக்கல் பெரும் தொல்லை என்பதால் அந்த நார்ச்சத்தை நான் லேசாக நினைப்பதில்லை. எண்ணெயை மட்டும் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள்; ஒரு மேஜைக்கரண்டியிலேயே 120 கலோரி.

இதில் இடறுகிற இடம் டப்பாதான். முதல் மாதம் நான் இறுக்கமான மூடி போட்ட டப்பாக்களில் உறையவைத்தேன். வலிக்கிற விரல்களால் அம்மாவால் ஒன்றைக்கூடத் திறக்க முடியவில்லை. அப்புறம் ஒரு வேளைக்கு ஒன்று என்று ஜிப் பைகளில் தட்டையாக உறையவைத்தேன். புத்தகம்போல அடுக்கலாம், சீக்கிரம் இளகும், வாக்கரில் தொங்கும் துணிப்பையில் போட்டு மேஜைக்குக் கொண்டுபோகலாம். மைக்ரோவேவையும் அந்த மேஜைக்கே மாற்றினோம். தலைக்கு மேல் இருந்தால் உட்கார்ந்தபடி சூடான பாத்திரத்தை இறக்குவது ஆபத்து.

சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட வேண்டும். அங்கே மூன்று, நான்கு நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர்தான். சாப்பிடும்போது நடுவரை ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும்.

அடுப்பே இல்லாத தட்டு

நிற்கும் நேரம் இதில் கிட்டத்தட்ட பூஜ்யம். வேகவைத்து உரித்த முட்டை, டின் மீன், டின் பயறு, நீர் வடித்த கெட்டித் தயிர், ஊறிய ஓட்ஸ், பழம், ஒரு கைப்பிடி கொட்டை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், டின் மீன் 100 கிராமில் 20 கிராமுக்கு மேல். டின் பயறைத் தண்ணீரில் அலசினால் உப்பு கணிசமாகப் போய்விடும். காய்கறிக்கு ஃப்ரோசன் பாக்கெட் போதும். நறுக்க வேண்டாம், சத்தும் பெரிதாகக் குறைவதில்லை. உடம்பு ரொம்ப முடியாத நாட்களில் முதல் வழியைவிட இதுதான் கைகொடுக்கும். ஆனால் தினமும் இதையே சாப்பிட்டால் ஒரே வாரத்தில் அலுத்துவிடும், கை மறுபடி பிஸ்கெட்டுக்குப் போகும்.

சூடாக்கிச் சாப்பிடும் பாக்கெட் சாப்பாடு

வசதியில் இதற்குப் போட்டியே இல்லை. கவலை இரண்டு. ஒன்று உப்பு: உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குக் கீழ், சில பாக்கெட்டுகள் ஒரே வேளையில் அதில் பாதியைத் தின்றுவிடும். இன்னொன்று அளவு. 2019இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரைத் தங்கவைத்து ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு வாரம் மிகவும் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு தின்ற நாட்களில் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போயிருந்தது. இருந்தாலும் அவசரத்துக்கு இரண்டு பாக்கெட் இருக்கட்டும் என்பேன். லேபிளில் புரதம் 20 கிராமுக்குக் குறையாததாகப் பார்த்து வாங்கி, கூடவே ஃப்ரோசன் காய் ஒரு கைப்பிடி சூடாக்கிக்கொள்ளலாம்.

உணவுக்குப் பதில் ஷேக்

எடை வேகமாக இறங்கும் என்பது உண்மை. பிரிட்டனில் நடந்த டைரெக்ட் (DiRECT) என்ற ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள் மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்குச் சுமார் 850 கலோரி அளவுக்கு ஷேக், சூப் மட்டும் எடுத்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. கூடவே மருத்துவக் கண்காணிப்பு இருந்ததால் அது முடிந்தது. வீட்டில் தானாக இறங்குகிற காரியம் அல்ல. இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். படுக்கைப்புண் உள்ளவர் உணவைக் கடுமையாகக் குறைத்தால் புண் ஆறுவது தள்ளிப்போகும். ஒரு வேளைக்கு மட்டும் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் எடை பார்ப்பது தனிப் பிரச்சினை. எடைக்கருவியில் ஏறி நிற்க முடியாதவர்கள் மாதம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் இடுப்புச் சுற்றளவை நாடாவால் அளந்து எழுதிவைக்கலாம். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு பிஎம்ஐ (உயரத்தை வைத்து எடையை மதிப்பிடும் எண்) சரியாகவே வராது. தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 30க்குப் பதில் 22ஐத் தாண்டினாலே உடற்பருமன் என்று கொள்ளும்படி ஆய்வாளர்கள் பரிந்துரைத்திருக்கிறார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் மூட்டில் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது. அம்மாவின் நாடா ஐந்து மாதத்தில் நான்கு சென்டிமீட்டர் உள்ளே வந்திருக்கிறது. பிஸ்கெட் டப்பா இப்போது மேல் அலமாரியில், தட்டைப் பைகள் ஃப்ரீசரின் கீழ்த்தட்டில், அவர் கைக்கு எட்டும் உயரத்தில்.