இதழா, சொந்தப் பக்கமா, தொகுப்பா? கவிதைக்கும் சிறுகதைக்கும் ஏற்ற வழி

கவிதையோ சிறுகதையோ எழுதி முடித்தவருக்கு இன்று மூன்று வழிகள் திறந்திருக்கின்றன: அச்சிலோ இணையத்திலோ வரும் இலக்கிய இதழுக்கு அனுப்பலாம், முகநூலிலோ வலைப்பூவிலோ தாமே இட்டுவிடலாம், போதிய அளவு சேர்ந்ததும் தொகுப்பாகக் கொண்டுவரலாம். மூன்றிலும் வரும் பணம் பெரும்பாலானோருக்குப் பொருட்படுத்தத்தக்கதன்று என்பதால் அந்தக் கணக்கை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். எழுதியதற்கும் எழுதியவருக்கும் என்ன கிடைக்கிறது என்பதே இங்கே அளவுகோல்.

இதழின் மதிப்பு அதன் விற்பனையில் இல்லை. வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒருவர் வெளிவருமுன்பே படைப்பைப் படிக்கிறார் என்பதில் இருக்கிறது. அதைவிடவும் முக்கியமானது, அதே இதழின் அடுத்த பக்கங்களில் வேறு யார் இருக்கிறார்கள் என்பது. சி. சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய ‘எழுத்து’ சிறிய வாசகர் வட்டத்துக்குள்ளேயே இயங்கிய சிற்றிதழ்தான். ஆனால் யாப்பைத் துறந்த கவிதைகளுக்கு இடமளித்ததோடு, அவற்றைப் பற்றிய விமர்சனத்தையும் விவாதத்தையும் தானே நடத்தியது. அதில் வந்த கவிதைகளிலிருந்து 1962-இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு உருவானபோது, தனித்தனியே எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஒரு போக்கினராகத் தெரிந்தார்கள். எவ்வளவு பேர் பின்தொடர்ந்தாலும் ஒருவருடைய சொந்தப் பக்கம் இதைச் செய்ய முடியாது. அங்கே அவர் மட்டுமே இருக்கிறார்.

ஆசிரியரின் கை எப்போதும் நன்மையே செய்யும் என்று இதற்குப் பொருளில்லை. அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் ஏறத்தாழ 1,800 கவிதைகள் எழுதினார். அவற்றுள் அவர் வாழ்நாளில் அச்சேறியவை மிகச் சிலவே. அவர் மறைந்த பின் 1890-இல் வந்த முதல் தொகுப்பில், அன்றைய ரசனைக்கு ஒத்துப்போகும்படி அவருடைய நிறுத்தக்குறிகளும் சில இடங்களில் சொற்களும்கூட மாற்றப்பட்டன. கையெழுத்துப் படிகளை ஒட்டிய முழுப் பதிப்பு 1955-இல்தான் வந்தது. இதழிலிருந்து விடை வர மாதக்கணக்கில் ஆவது, விடையே வராமல் போவது போன்ற வழக்கமான குறைகள் இதனோடு ஒப்பிட்டால் சிறியவை.

சொந்தப் பக்கத்தில் இந்தத் தொல்லைகள் இல்லை. எழுதிய மாலையே வாசகர் கிடைக்கிறார். பத்துப் பதினைந்து வரிக் கவிதைக்கு இது நன்றாகவே பொருந்துகிறது, கைபேசியின் குறுகிய திரை நீண்ட வரிகளைத் தன் விருப்பப்படி மடித்துவிடுவதைப் பொறுத்துக்கொண்டால். சிறுகதையின் நிலை வேறு. மூவாயிரம் சொற்களை ஒரே மூச்சில் கேட்கும் வடிவத்தை, அடுத்த பதிவு கீழே காத்திருக்கும் இடத்தில் வைத்தால், முதல் பத்தியைத் தாண்டாமலே பாராட்டிச் செல்பவர்கள் பெருகுகிறார்கள். பாராட்டுபவர்களில் பலர் தெரிந்தவர்கள் என்பதால், கதையின் நடுப்பகுதி தொய்கிறது என்று அங்கே சொல்வார் அரிது.

தொகுப்பு தரும் பயன் தாமதமாக வருவது. தனியாக நிற்கும்போது சாதாரணமாகத் தோன்றிய கதை, இன்னொன்றுக்கு அடுத்ததாக வரும்போது வேறு கனம் பெறுகிறது; நூலகத்தில் இடம்பெறும் நூல், இணையதளம் ஒன்று மூடப்படும்போது அதனுடன் காணாமல் போவதில்லை. தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்தபின், சில நூறு பிரதிகளை அடித்து வீட்டில் அடுக்கி வைக்கும் கட்டாயமும் போயிற்று. அதோடு, பதிப்பிக்குமுன் தயங்க வைத்த செலவும் போனதால், பாதியை நீக்கியிருக்க வேண்டிய தொகுப்புகள் அப்படியே வெளிவருகின்றன. சொந்தச் செலவில் பதிப்பிப்பது தன்னளவில் குறையன்று. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் 1855-ஆம் ஆண்டு முதல் தொகுப்பு அவ்வாறு வந்ததே. ஆனால் அவர் அதை வாழ்நாள் முழுவதும் திருத்தியும் விரித்தும் மறுபதிப்புகளாகக் கொண்டுவந்தார். தாமே வெளியிடுபவர்களில் பலர் பின்பற்றாதது அந்தப் பகுதியைத்தான்.

என் தேர்வு, சிறுகதைக்கு ஐயமின்றி இதழ், பிறகு தொகுப்பு. கவிதைக்கும் இதழே முதலில் என்பேன். எனினும் சில கவிதைகளைத் தம் பக்கத்துக்கென்றே எழுதுவதில் தவறில்லை. எதற்கு எது என்பதை மட்டும் முன்கூட்டியே பிரித்துக்கொள்ள வேண்டும்: பல இதழ்கள், சொந்தப் பக்கத்தில் ஒருமுறை வந்ததையும் ஏற்கெனவே வெளியானதாகவே கருதி ஏற்க மறுக்கின்றன, பிறகு அந்தப் பதிவை அழித்தாலும் நிலைமை பெரும்பாலும் மாறுவதில்லை.