ரீப்பர் 7: ஆறு வருஷம் கழித்தும் திறக்கும் பாட்டு

ஒலிப்பதிவு மென்பொருள்களை ஒப்பிடுகிறவர்கள் எதில் எத்தனை வாத்தியம் கூடவே வருகிறது, எதன் திரை பளிச்சென்று இருக்கிறது என்றுதான் பெரும்பாலும் பார்க்கிறார்கள். இசையோடு நீண்ட காலம் இருக்க நினைப்பவருக்கு வேறு இரண்டு கேள்விகள் முக்கியம். இன்று பாதியில் விட்ட பாட்டு ஆறு வருஷம் கழித்துத் திறக்குமா? வேலை முடிந்து கிடைக்கும் அரைமணி நேரத்தில் எத்தனை நிமிஷம் செட்டப்புக்கே போகும்? இந்த இரண்டிலும் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் முதல் வரிசையில் நிற்கிறது. மற்ற சில விஷயங்களில் கொஞ்சம் முரடு.

கணினியில் பாட்டுக் கேட்கும் வினாம்ப்பை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கலின் காக்கோஸ் நிறுவனம்தான் ரீப்பரையும் தயாரிக்கிறது. ஏழாம் பதிப்பு 2023இல் வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 60 நாள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்க்கலாம். அதன் பிறகும் பூட்டிக்கொள்ளாது, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நினைவூட்டும். அதைச் சாக்காக வைத்து வருஷக்கணக்கில் காசு கொடுக்காமல் ஓட்டுகிறவர்கள் உண்டு. அது நியாயமில்லை.

நீண்ட காலத்துக்கு இது ஏன் தோது என்பதற்கு ப்ராஜெக்ட் ஃபைலே சாட்சி. அது வெறும் எழுத்து ஃபைல். நோட்பேடில் திறந்தால் டிராக் பெயர், வால்யூம், எந்த ஆடியோ எங்கே இருக்கிறது என்பதெல்லாம் கண்ணால் படிக்கலாம். ஏதாவது ஒரு பிளக்-இன் (மென்பொருளுக்குள் சேர்க்கும் வாத்தியமோ எஃபெக்டோ) இப்போதைய கணினியில் இல்லையென்றாலும் பாட்டு திறக்கும். அந்த இடம் மட்டும் காலியாக ஓடும்.

ஆனால் இந்த நம்பிக்கையை நாமே கெடுத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. சேமிக்காத ப்ராஜெக்டில் பதிவு செய்தால் ஆடியோ எல்லாம் ஒரே பொது ஃபோல்டரில் போய்க் குவியும். வேறு கணினிக்கு மாறும்போது ப்ராஜெக்ட் ஃபைல் மட்டும் வரும், குரல் வராது. ஆகவே முதல் நோட்டைப் பதிவதற்கு முன்பே 'சேவ் அஸ்' போய், ப்ராஜெக்டுக்குத் தனி ஃபோல்டர் உருவாக்கும் கட்டத்தையும், ஆடியோவை அதற்குள் நகலெடுக்கும் கட்டத்தையும் டிக் செய்யுங்கள். ப்ரிஃபரன்ஸில், புதிய ப்ராஜெக்ட் திறந்ததுமே சேமிக்கச் சொல்லிக் கேட்கும் வசதியைப் போட்டுவிட்டால் மறதிக்கும் இடமில்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மோனோ டிராக் நிமிஷத்துக்கு சுமார் 8.6 எம்பிதான். இடத்தை மிச்சம் பிடிக்கப் போய் எம்பி3யில் பதிய வேண்டாம்.

தேவையில்லாத ஆடியோவைத் துடைக்கும் 'க்ளீன் ப்ராஜெக்ட் டைரக்டரி'யிலும் கவனம் வேண்டும். அது இப்போது திறந்திருக்கும் ப்ராஜெக்டுக்கு எது வேண்டாம் என்று மட்டுமே பார்க்கும். அதே ஃபோல்டரில் பாட்டின் பழைய வடிவம் ஒன்று இருந்தால், அதற்கு வேண்டிய குரலும் சேர்ந்து போய்விடும்.

அரைமணி நேரப் பிரச்சினைக்கு வருவோம். டெம்ப்ளேட் ஒன்று செய்து வையுங்கள், நாலே டிராக் போதும்: குரல், கிட்டார், கீபோர்டு, சும்மா முணுமுணுத்துப் பதிய ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இன்புட் தேர்ந்து, ரெக்கார்ட் பட்டனை ஆயத்தமாக அழுத்தி வைத்து, குரலில் ரியா-ஈக்யூ (ரீப்பரோடு வரும் ஈக்வலைஸர்) போட்டு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். இதை ப்ராஜெக்ட் டெம்ப்ளேட்டாகச் சேமித்து, புதிய ப்ராஜெக்ட் எல்லாம் அதிலிருந்தே தொடங்கும்படி ப்ரிஃபரன்ஸில் காட்டிவிட்டால், திறந்ததும் கன்ட்ரோல்+ஆர் அழுத்தினால் பதிவு ஓடும். விண்டோஸில் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) உரிய, தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஹெட்போனில் குரல் தாமதமாக வந்து பாட விடாது. கணினி ஒரு தடவைக்கு எவ்வளவு ஒலியைச் சேர்த்து எடுக்கிறது என்பதுதான் பஃபர். பதியும்போது அதை 128 சாம்பிள் வையுங்கள், 48 கிலோஹெர்ட்ஸில் அது சுமார் 2.7 மில்லிசெகண்ட். போய்வரும் மொத்தத் தாமதம் இன்டர்ஃபேஸைப் பொறுத்து இதைவிடக் கூடும். பதிந்த டிராக்குகளைக் கலக்கும்போது 512 அல்லது 1024க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

பஃபரைக் குறைத்தும் தாமதம் போகவில்லையென்றால், எல்லா டிராக்கும் வந்து சேரும் மாஸ்டர் டிராக்கைப் பாருங்கள். முன்கூட்டியே சத்தத்தைப் பார்த்து அடக்கும் லிமிட்டர் அங்கே உட்கார்ந்திருக்கும். அதை ஆஃப்லைன் ஆக்கிவிட்டுப் பாடுங்கள். இது தெரியாமல் தாளம் நிற்கவில்லை என்று தன்னையே நொந்துகொள்ளும் பாடகர்கள் ஏராளம்.

ஏழாம் பதிப்பின் பெரிய வரவு, ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் பாடிப் பதிந்த பல டேக்குகளை, ஒரே டிராக்குக்குள் லேன்கள் எனும் வரிசைகளில் அடுக்கி, நல்ல வரிகளை மவுஸால் இழுத்தே பொறுக்கும் வசதி. நன்றாக வேலை செய்கிறது. வசதி இருக்கிறதே என்று இருபது டேக் எடுக்காதீர்கள். நாலைந்துக்கு மேல் போனால் பொறுக்குவதிலேயே சாயங்காலம் முடிந்துவிடும்.

முரடு என்றேனே, அது புதியவர்களைத்தான் அதிகம் படுத்தும். கை தவறி ஆல்ட்+பி (P) பட்டால் ரிப்பிள் எடிட்டிங் மாறும். பிறகு ஒரு துண்டை வெட்டினால் பின்னால் உள்ளதெல்லாம் நகர்ந்து, பாட்டே கலைந்தது போலத் தெரியும். கன்ட்ரோல்+இசட் அடித்துவிட்டு, டூல்பாரில் அந்த ஐகானை அணையுங்கள். ஆடியோ துண்டின் ஓரத்தை முடிவுக்கு அப்பால் இழுத்தால் அதே ஒலி மறுபடி தொடங்குவதும் கோளாறு இல்லை, லூப் சோர்ஸ் என்ற அமைப்பு. எஃப்2 அழுத்தி அதன் டிக்கை எடுக்கலாம்.

வாத்தியம் என்று பார்த்தால் கையில் அநேகமாக ஒன்றுமில்லை. ரியா-சிந்த் என்ற சிந்தசைசர் பெயருக்கு இருக்கிறது. ஈக்யூ, கம்ப்ரஸர், டிலே போன்ற எஃபெக்டுகள் தரமானவை, வெளியே தேட வேண்டியதில்லை. சிந்தசைசருக்கு சர்ஜ் எக்ஸ்டி இலவசமாகக் கிடைக்கிறது. கணினி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பீட் செய்ய நினைப்பவர்கள் வேறு மென்பொருளில் தொடங்குவதே நல்லது. அச்சுக்குப் போகும் ஸ்வரக் குறியீட்டுத் தாள் வேண்டியவர்களுக்கும் இது உதவாது.

இதன் நிஜமான ஆபத்து வேறு. மெனு, நிறம், ஷார்ட்கட், மவுஸ் பழக்கம் என்று எல்லாவற்றையும் மாற்றலாம். தீம் மாற்றியே ஒரு மாதம் ஓட்டிவிட்டு அதையும் இசை வேலைக் கணக்கில் எழுதிக்கொள்பவர்களுக்கு இது சொர்க்கம். ஒரே பாட்டில் மூன்று தடவை எரிச்சல் தந்ததை மட்டும் மாற்றுங்கள்.

ஒரு பாட்டு முடிந்ததும் எல்லா டிராக்குகளையும் தேர்ந்து, ரெண்டர் பெட்டியில் ஸ்டெம்ஸ் போட்டு, தனித்தனி வேவ் ஃபைலாகத் தொடக்கத்திலிருந்து இறக்கி அதே ஃபோல்டரில் வையுங்கள். ரீப்பரே இல்லாத கணினியிலும் அவற்றை அடுக்கி வேலையைத் தொடரலாம். ஃபோல்டரின் நகலை வேறொரு டிஸ்க்கிலும் போடுங்கள். உரிமத்தைப் பொறுத்தவரை, ஏழாம் பதிப்புக்கு வாங்கியது 8.99ஆம் பதிப்பு வரை செல்லும், மாதச் சந்தா கிடையாது. வருமானம் ஏறி இறங்கும் இசைக்காரர்களுக்கு இதுவே பெரிய நிம்மதி.