டொமைன் மாறியபோது கணக்குகளைக் காத்த ஒரே ஒரு புலம்: அஸூர் ஏடி கனெக்ட் அனுபவம்

பெருந்துறை சிப்காட்டில் ஓர் ஆலையின் கணினிப் பிரிவைக் கவனிக்கும் நண்பர் சென்ற வாரம் அழைத்திருந்தார். பங்காளிகளுக்குள் பாகப்பிரிவினை முடிந்து நிறுவனத்தின் பெயரே மாறிவிட்டதால், பழைய பெயரைத் தாங்கிய ஆக்டிவ் டைரக்டரி (பயனர் கணக்குகளை வைத்திருக்கும் அலுவலகப் பதிவேடு) டொமைனைக் கைவிட்டுப் புதிய ஃபாரஸ்ட் (டொமைன்களை உள்ளடக்கிய தனித் தொகுப்பு) ஒன்றை அமைக்கிறார்கள். மேகத்தில் (இணையவழிச் சேவையில்) உள்ள மின்னஞ்சல் டெனன்ட், அதாவது நிறுவனத்துக்கான இடம், மட்டும் மாறப்போவதில்லை. “ஏனுங்ணா, ஆளுங்க கணக்கெல்லாம் புது டொமைனுக்குப் போயிட்டா, இத்தனை வருசத்து மெயில் என்னங்ணா ஆகும்?” என்று அவர் கேட்டார். தொலைபேசியில் சொன்னது போதவில்லை என்று தோன்றியதால், அதே பாதையில் நடந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது பல்லடம் பக்கத்து நூற்பாலையும் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதிப் பிரிவும் சேர்ந்த நிறுவனம். மொத்தம் 412 பயனர்கள். அலுவலக சர்வரில் உள்ள கணக்குகளை மேகத்துக் கணக்குகளோடு ஒத்திசைக்கும் மைக்ரோசாஃப்ட் கருவியை 2016இல் எனக்கு முன்பிருந்தவர் நிறுவினார். 2021இல் அது என் பொறுப்புக்கு வந்தது. அன்று அதன் பெயர் அஸூர் ஏடி கனெக்ட். 2023இல் என்ட்ரா கனெக்ட் ஆயிற்று என்றாலும் எங்கள் வாயில் பழைய பெயரே நிற்கிறது. இரண்டு பிரிவுகளையும் ஒரே புதிய டொமைனுக்குக் கொண்டுவரும் வேலையை 2022ஆம் ஆண்டு ஆயுத பூசை விடுமுறையில் வைத்துக்கொண்டோம். பூசை போட்ட இயந்திரங்கள் ஓய்வில் இருக்கும் அந்த நாட்களை விட்டால் எங்கள் ஊரில் சர்வரைத் தொட நேரம் கிடைக்காது.

முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஒத்திசைப்பதும், கடவுச்சொல் மாற்றத்தை இரண்டே நிமிடத்தில் மேலே சேர்ப்பதும் எல்லாருக்கும் தெரிந்தவை. நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது சோர்ஸ் ஆங்கர் என்கிற அந்த ஒரே புலத்தைப் பற்றித்தான். மேகத்தில் இருக்கும் கணக்கு, தரையில், அதாவது அலுவலக சர்வரில், இருக்கும் தன் மூலக் கணக்கைப் பெயராலோ மின்னஞ்சல் முகவரியாலோ நினைவில் வைத்திருப்பதில்லை. 16 பைட் நீளமுள்ள ஓர் அடையாள எண்ணால்தான் வைத்திருக்கிறது; அந்த எண்ணைத் தரும் புலமே ஆங்கர். அதை மேகத்தில் இம்யூட்டபிள் ஐடி என்ற பெயரில், இரண்டு சமக்குறிகளில் முடியும் 24 எழுத்துச் சரமாகப் பார்க்கலாம். பழைய நிறுவல்களில் இந்த எண் ஆப்ஜெக்ட் கைட் என்ற புலத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஒரே ஃபாரஸ்டுக்குள் பயனரை நகர்த்தினால் அந்த எண் மாறாது. வேறொரு ஃபாரஸ்டில் அதே பயனரை உருவாக்கினால் புது எண்தான் பிறக்கும், அதை நாம் எழுதவும் முடியாது. ஆகவே 2016இல் போட்ட எங்கள் நிறுவலில், புது டொமைனுக்குச் சென்ற ஒவ்வொருவரும் மேகத்தின் கண்ணுக்கு முன்பின் அறியாத ஆளாகவே தெரிவார்.

இதை நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம். பூசைக்கு இரண்டு வாரம் முன்பு, வெள்ளோட்டமாக மெர்ச்சன்டைசிங் பிரிவின் 38 பேரை எடுத்துக்கொண்டோம். வேலைக்கு அமர்த்தியிருந்த ஒப்பந்ததாரர் அவர்களுக்குப் புது டொமைனில் கணக்குகளை உருவாக்கிவிட்டு, பழைய ஓயூவை (டொமைனுக்குள் கணக்குகளைத் தொகுத்து வைக்கும் உறையை) ஒத்திசைவு வரம்பிலிருந்து நீக்கினார். ஆங்கரை எடுத்துச் செல்ல வேண்டும் என்று அவரும் நினைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த சுழற்சி முடிந்ததும் 38 கணக்குகளும் மேகத்தில் நீக்கப்பட்ட பயனர்கள் பட்டியலில் கிடந்தன. வெளிநாட்டு வாடிக்கையாளர் சாயத்துக்கும் மாதிரிக்கும் தந்த ஒப்புதல்கள் அனைத்தும் அந்த அஞ்சல் பெட்டிகளில்தான் இருந்தன. தூத்துக்குடிக்குப் போக வேண்டிய சரக்குக்கான தாள்களைத் தேடி அந்தப் பிரிவின் மூத்த பெண்மணி என் மேசைக்கு வந்து நின்றதை இன்றும் மறக்க முடியவில்லை.

தற்செயலாகப் பெருந்தொகைக் கணக்குகள் அழிவதைத் தடுக்க இந்தக் கருவியில் ஒரு காவல் இருக்கிறது. நிறுவும்போதே அது இயங்கும் நிலையில்தான் வருகிறது. ஒரே சுழற்சியில் நீக்கங்கள் ஓர் எல்லையைத் தாண்டினால்தான் அது தடுக்கும்; ஆனால் அதன் இயல்பான எல்லை 500. எங்களிடம் இருப்பதோ 412 பேர். ஒருவர் விடாமல் அத்தனை பேரும் அழிந்திருந்தாலும் அந்தக் காவல் வாய் திறந்திருக்காது. நான்கு ஆண்டுகளில் என்னை மிகவும் வருத்தியது இந்த ஒரே எண்தான். பல்லாயிரம் பயனர்கள் உள்ள நிறுவனத்துக்கு அது சரியான அளவாக இருக்கலாம்; கொங்கு நாட்டு ஆலைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது பூட்டில்லாத கதவு. அதை நாமே குறைத்துக்கொள்ளலாம் என்பது ஆவணத்தில் தெளிவாக இருக்கிறது, படிக்காமல் விட்டது என் பிழை. இதை ஒப்புக்கொண்ட பிறகும், நிறுவும் வேளையில் பயனர் எண்ணிக்கையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே என்ற ஆற்றாமை எனக்குத் தீரவில்லை.

மீட்பு எளிதாகவே நடந்தது, அதற்காக இந்தக் கருவியை மனமாரப் பாராட்ட வேண்டும். நீக்கப்பட்ட பயனர்களை மேகம் 30 நாட்கள் வைத்திருக்கிறது. முதலில் தானியங்கிச் சுழற்சியை நிறுத்தினோம். ஆங்கருக்குரிய புலத்தை, நாம் எழுதக்கூடிய எம்எஸ் டிஎஸ் கன்சிஸ்டென்சி கைட் என்ற புலத்துக்கு மாற்றும் வசதி கருவியின் அமைப்புத் திரையிலேயே இருக்கிறது, அதன்படி மாற்றினோம். பழைய கணக்குகளின் ஆப்ஜெக்ட் கைட் எண்களைப் பவர்ஷெல் கட்டளைகள் வழியாக எடுத்து, புதிய கணக்குகளின் அந்தப் புலத்தில் ஒவ்வொன்றாக எழுதி, நானும் ஒப்பந்ததாரரும் வரிவரியாக ஒப்பிட்டோம். பிறகு புதிய ஓயூவை வரம்புக்குள் சேர்த்து ஒரே ஒரு சுழற்சியை ஓட்டியபோது, 38 கணக்குகளும் தத்தம் அஞ்சல் பெட்டியோடும் கோப்புகளோடும் எழுந்து வந்தன. அந்த அம்மையார் தம் பெட்டியைத் திறந்து, மூன்று ஆண்டுக்கு முந்தைய அஞ்சல் ஒன்றைத் தேடி எடுத்துக் காட்டிய பிறகுதான் நான் சாப்பிடப் போனேன்.

பூசை நாட்களில் நடந்த முழு இடமாற்றத்துக்குக் காவலின் எல்லையை 10 என்று வைத்தேன். இரண்டாம் நாள் மாலை ஓர் ஓயூவைத் தவறாகத் தேர்ந்துவிட்டோம். உடனே கருவி மேகத்துக்கு மாற்றங்களை அனுப்புவதை நிறுத்தியது, நிர்வாகிக்கு எச்சரிக்கை அஞ்சலும் வந்தது. ஏழு மேலாளர்களின் கணக்குகளில் மட்டும் ஆங்கர் எழுத அனுமதி இல்லை என்ற பிழை வந்தது. எப்போதோ ஒரு காலத்தில் அவர்களை நிர்வாகிக் குழுவில் சேர்த்திருந்ததால், அக்கணக்குகளில், மேலிருந்து அனுமதிகள் இறங்கிவரும் மரபுரிமை அடைபட்டிருந்தது. அதைத் திறந்ததும் சரியாயிற்று. இந்த வேலை முழுவதையும் முதலில் ஸ்டேஜிங் நிலையில் வைத்த இரண்டாவது சர்வரில் ஓட்டிப் பார்த்தோம். அந்த நிலையில் கருவி எல்லாவற்றையும் படித்துக் கணக்கிடும், மேகத்துக்கு எதையும் எழுதாது. எத்தனை சேர்ப்பு, எத்தனை நீக்கம் என்று முன்கூட்டியே காட்டிவிடும். நீக்கம் என்ற இடத்தில் சுழியம் வரும்வரை நாங்கள் முதன்மை சர்வரைத் தொடவில்லை. பூசை முடிந்து ஆட்கள் திரும்பியபோது 412 பேரின் மேகக் கணக்குகளும் இருந்தபடியே இருந்தன.

அன்று முதல் இன்றுவரை இந்தக் கருவியால் ஒரு கணக்கையும் நான் இழந்ததில்லை. இருந்தும் நண்பருக்கு நான் சொன்ன முதல் சொல், இதைப் புதிதாக நிறுவும் நிலையில் இருந்தால் வேண்டாம் என்பதே. தரையில் ஒரு கணக்கு கண்ணில் படவில்லை என்றால், அவர் வேலையை விட்டுப் போனாரா, பக்கத்து அறைக்கு மாறினாரா என்று பிரித்தறிய இக்கருவிக்கு வழியில்லை; இரண்டையும் அது நீக்கம் என்றே படிக்கிறது. இருநூறு முந்நூறு பேர் உள்ள இடத்தில், கணக்குகளை மேகத்திலேயே நேராக வைத்துக்கொண்டால் இந்தக் கவலையே எழாது. அவரிடம் ஏற்கெனவே இது ஓடிக்கொண்டிருப்பதால், தீபாவளி விடுமுறைவரை எதையும் நகர்த்த வேண்டாம் என்றும், இரண்டு விவரங்களை மட்டும் அன்றிரவே பார்த்துச் சொல்லுமாறும் கேட்டேன்: ஆங்கர் எந்தப் புலத்தில் இருக்கிறது, காவலின் எல்லை எவ்வளவு.

இரவு பத்து மணிக்குச் செய்தி வந்தது. ஆங்கர்: ஆப்ஜெக்ட் கைட்; எல்லை: 500; அவர்களிடம் உள்ள பயனர்கள்: 260.