எடைமேடை வரிசைக்கு டெர்ராஃபார்மா, சிடிகேயா?

மன்னார்குடி பக்கத்தில் உள்ள ஒரு அரிசி ஆலைக்காக நாங்கள் மூன்று பேர் கும்பகோணத்தில் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறோம். தை, மாசியில் சம்பா நெல் வரும்போது எடைமேடைக்கு முன்னால் லாரியும் டிராக்டரும் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு எடை: லோடோடு ஒன்று, இறக்கிய பிறகு வெறும் வண்டியாக ஒன்று. இரண்டும் மெசேஜாக, அமேசானின் மேகச் சேவையில் உள்ள எஸ்க்யூஎஸ் என்ற மெசேஜ் வரிசைக்குள், அதாவது க்யூவுக்குள், போகும். மறுமுனையில் ஒரு லாம்ப்டா, அதாவது அமேசானே ஓட்டித் தரும் சிறு நிரல், அதை எடுத்து, பில் போட்டு, விவசாயிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும்.

அந்த க்யூவைக் கன்சோலில், அதாவது அமேசானின் வலைப்பக்கத்தில், கையால் உண்டாக்காமல் நிரல் கோடாக எழுதி வைப்பது என்று முடிவு செய்தோம். எந்தக் கருவியில் எழுதுவது என்பதில்தான் நாள் ஓடியது: தனக்கென்று ஒரு மொழி உள்ள டெர்ராஃபார்மா, வழக்கமான நிரல் மொழியிலேயே எழுதும் அமேசானின் சிடிகேயா? இரண்டிலும் எழுதிப் பார்த்தோம்.

க்யூவின் தேவை முதலில். லோடு எடை முன்னால், வெறும் வண்டி எடை பின்னால் வந்தாக வேண்டும். அதனால் முதலில் வந்தது முதலில் போகும் ஃபிஃபோ க்யூ, ஒரு வண்டியின் மெசேஜ்கள் வரிசை மாறாமல் இருக்கக் குரூப் ஐடியாக வண்டி எண். மறுபடி மறுபடி தோற்கும் மெசேஜ் ஒதுங்கி நிற்க ஒரு டெட் லெட்டர் க்யூ. அதுவும் ஃபிஃபோவாகவே இருக்க வேண்டும். ஒரே மெசேஜ் இரண்டு தடவை வந்தால் எஸ்க்யூஎஸ் வடிகட்டும், ஆனால் 5 நிமிடத்துக்குள் வந்தால்தான். ஆலையில் நெட் போய்ப் பத்து நிமிடம் கழித்து எடைமேடைக் கணினி மறுபடி அனுப்பினால் அது புது மெசேஜாகவே உள்ளே வரும். எந்தக் கருவியில் எழுதினாலும் இதற்குத் தீர்வு இல்லை, பில் போடும் கோடுதான் கவனிக்க வேண்டும்.

எழுதும் வசதியில் சிடிகேக்குத்தான் என் ஓட்டு. ஒரு உதாரணம் போதும். க்யூவில் மெசேஜ் தங்கும் காலத்தை நாம் சொல்லாவிட்டால் 4 நாள். போகியில் தொடங்கிக் காணும் பொங்கல் வரை எங்களுக்கும் நாலு நாள் விடுமுறை. போகியன்று காலை டெட் லெட்டர் க்யூவில் விழுந்த ஒரு விவசாயியின் எடை, நாங்கள் திரும்பி வந்து பார்ப்பதற்குள் அழிந்திருக்கும். அதை உச்சவரம்பான 14 நாளாக மாற்றினோம். டெர்ராஃபார்மில் அதை 1209600 என்று விநாடியில் எழுத வேண்டும். ஒரு பூஜ்யம் விட்டால் ஒன்றரை நாள்கூடத் தங்காது, கண்ணிலும் படாது. சிடிகேயில் டியூரேஷன் டேஸ் 14 என்று எழுதினால் முடிந்தது.

அனுமதிகளும் அப்படித்தான். லாம்ப்டா க்யூவிலிருந்து எடுக்க, அழிக்க, க்யூவின் விவரம் பார்க்க என்று மூன்று உரிமை வேண்டும். டெர்ராஃபார்மில் அந்தக் கொள்கையை நாமே எழுத வேண்டும். சிடிகேயில் லாம்ப்டாவுக்கு இந்த க்யூதான் ஊற்று என்று ஒரு வரி சொன்னால் மூன்றும் சேர்ந்து வந்துவிடும். லாம்ப்டாவின் கால வரம்பைப் போல ஆறு மடங்கு விசிபிலிட்டி டைம்அவுட் (எடுத்த மெசேஜ் மறுபடி கண்ணில் படாமல் மறைந்திருக்கும் நேரம்) வைக்கச் சொல்கிறது அமேசான். அதை மட்டும் இரண்டிலும் நாமேதான் கணக்குப் போட்டோம்.

அப்புறம் கரண்ட். எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையில் நிறுத்தினால் மாலையில்தான் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சொல்லாமலும் போகும். டெர்ராஃபார்ம் நம் மடிக்கணினியில் ஓடுகிற நிரல். எதை உண்டாக்கினோம் என்ற பேரேட்டை, அதாவது ஸ்டேட் ஃபைலை, அதுவே எழுதி, நாங்கள் சொன்னபடி எஸ்3 என்ற அமேசானின் கோப்புக் கிடங்கில் வைக்கிறது. ஒரு மழை நாளில், மாற்றங்களை அமலாக்கும் அப்ளை கட்டளை ஓடிக்கொண்டிருக்கும்போது மோடம் அணைந்தது. க்யூ மேகத்தில் உண்டாகிவிட்டது, பேரேடு எஸ்3-க்குப் போய்ச் சேரவில்லை, இருவர் ஒரே நேரத்தில் பேரேட்டை மாற்றாமல் தடுக்கும் பூட்டு மட்டும் பூட்டியபடி நின்றது. உள்ளூரில் அது எழுதி வைத்த ஸ்டேட் நகலை மேலே தள்ளி, பூட்டை வலிந்து திறந்து, எல்லாவற்றையும் சரிபார்க்க ஒரு சாயங்காலம் போனது.

சிடிகே எழுதுவது கடைசியில், என்னென்ன வேண்டும் என்று அமேசானின் கிளவுட்ஃபார்மேஷன் சேவைக்குச் சொல்லும் ஒரு வார்ப்புருதான். அது அமேசானிடம் போய்ச் சேர்ந்துவிட்டால், நம் ஊரில் விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் வேலை அங்கே ஓடும். பேரேடும் அவர்களிடம். நடுவில் தோற்றால் பழைய நிலைக்குத் தானே திரும்பும். சில சமயம் அந்தத் திரும்புதலும் சிக்கி நிற்பதுண்டு, அப்போது பொறுமை வேண்டும். டெர்ராஃபார்மை மடிக்கணினியில் ஓட்டாமல் கோடை எடுத்துத் தானாக ஓட்டும் ஒரு சிஐ சர்வரில் ஓட்டினால் இந்தக் குறை போய்விடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் டெர்ராஃபார்ம் ஜெயிக்கும் இடங்கள் சின்னவை அல்ல. அறுவடை நெருக்கடியில் யாராவது கன்சோலுக்குள் போய் டைம்அவுட்டைக் கையால் மாற்றுவார்கள். எங்களிலும் ஒருவர் மாற்றினார். என்ன மாறும் என்று முன்கூட்டியே காட்டும் டெர்ராஃபார்மின் பிளான் கட்டளை ஒவ்வொரு முறையும் உண்மையான க்யூவைப் போய்ப் பார்க்கிறது. கோடு சொல்வதும் அங்கே இருப்பதும் வேறு என்று உடனே காட்டிவிடும். சிடிகேயின் டிஃப் புது வார்ப்புருவைப் பழைய வார்ப்புருவோடுதான் ஒப்பிடுகிறது, க்யூவைப் பார்ப்பதில்லை. கோடும் நிஜமும் விலகியிருப்பதைத் தேடும் டிரிஃப்ட் சோதனையைத் தனியாக ஓட்டினால்தான் தெரியும்.

இன்னொன்று எனக்கு உண்மையிலேயே பயம் தந்தது. எங்கள் தம்பி ஒருவர் சிடிகே கோடை ஒழுங்குபடுத்த, க்யூ உண்டாக்கும் வரிகளை வேறொரு கிளாசுக்கு நகர்த்தினார். ஒரு அமைப்பும் மாறவில்லை. ஆனால் நகர்த்தியதில், கிளவுட்ஃபார்மேஷன் க்யூவை அடையாளம் காணும் லாஜிக்கல் ஐடி மாறிவிட்டது. கிளவுட்ஃபார்மேஷன் புதிதாக ஒரு க்யூவை உண்டாக்கி, பழையதை உள்ளே கிடந்த மெசேஜோடு அழித்தது. சோதனைக்கு வைத்திருந்த தொகுப்பு (ஸ்டாக்) என்பதால் நெல் எடை எதுவும் போகவில்லை. டெர்ராஃபார்மில் இதே வேலையைச் செய்தால் பிளானில் ஒன்று அழிகிறது, ஒன்று பிறக்கிறது என்று முகத்துக்கு நேரே தெரியும். மூவ்ட் என்ற ஒரு பிளாக் எழுதினால் பழைய க்யூவே தொடரும்.

இதே வகைக் கருவியான புலுமியை நாங்கள் ஓட்டிப் பார்க்கவில்லை. வெறும் கிளவுட்ஃபார்மேஷன் வார்ப்புருவை யாமல் என்ற எழுத்து வடிவில் கையால் எழுதுவது ஒரே ஒரு க்யூவுக்குச் சரி, அதற்கு மேல் கை வலிக்கும். 2023-இல் டெர்ராஃபார்மின் உரிமம் திறந்த மூலத்திலிருந்து மாறியது உறுத்துகிறவர்களுக்கு, அதிலிருந்து பிரிந்த ஓப்பன்டோஃபு இருக்கிறது. க்யூ அளவில் எழுத்து ஏறக்குறைய அதேதான்.

ஆலைக்குச் சிடிகேயையே எடுத்தோம். எல்லாமே அமேசானில்தான் இருக்கிறது, ஆள் மூன்று பேர், கரண்டும் நிலையில்லை. இரண்டு க்யூவுக்கும், அழிப்பதா வைத்திருப்பதா என்று சொல்லும் ரிமூவல் பாலிசியை ரீடெய்ன் (வைத்திரு) என்று வைத்தாயிற்று, இனி ஐடி மாறினாலும் பழைய க்யூ அழியாது. லாஜிக்கல் ஐடி மாறினால் தோற்கிற ஒரு டெஸ்ட்டும் எழுதிவிட்டோம். டிரிஃப்ட் சோதனையை ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் தானாக ஓட வைப்பதுதான் பாக்கி. குறுவை நெல் வண்டி ஏறுவதற்குள் அதை முடித்துவிட வேண்டும்.