சத்தம் போடும் அடிப் பிரேஸ்: கழற்றி எறிவதா, இறுக்குவதா, வெல்டிங் அடிப்பதா?

கொழும்பு வெள்ளவத்தையில் மெரைன் டிரைவுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில்தான் எங்கள் வாகனம் நிற்கும். 16 வயதான ஜப்பான் செடான். தென்மேல் பருவக்காற்று தொடங்கிய கையோடு அடியிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் ‘டக்’. ஏசியைப் போட்டபடி சிக்னலில் நின்றால், தகர டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்கியது போல ‘கிர்ர்ர்’.

முதலில் போன கராஜில் பாஸ் குனிந்து, காரின் அடியில் குறுக்கே பூட்டியிருக்கும் ‘பிரேஸ்’ என்ற இரும்புப் பட்டையை ஒரு தரம்தான் பார்த்தார். “தம்பி, இந்தப் பட்டையக் கழட்டி டிக்கியில போட்டிருவோம். இது இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். சத்தம் போயிரும்” என்றார். ஐந்து நிமிட வேலை, கூலி கூடக் கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அதன்பின் ஒரு கிழமையாக எல்லா வழியையும் எடைபோட்டுப் பார்த்ததில் ஒன்று தெளிவானது. கழற்றினால் சத்தம் நிற்கும், உண்மைதான். ஆனால் சத்தத்துக்குக் காரணமான தளர்வை அப்படியே விட்டுவிட்டு, அதைச் சொல்லித் தந்த துண்டைத்தான் வெளியே எடுக்கிறோம்.

அந்தப் பட்டைக்கு என்ன வேலை? வீட்டில் ஒரு சப்பாத்துப் பெட்டியை எடுங்கள். மூடியை அகற்றிவிட்டு இரண்டு முனைகளையும் பிடித்து முறுக்குங்கள். துணி பிழிவது போல வளையும். இப்போது இரண்டு மட்டைத் துண்டுகளை அதன் வாயில் குறுக்கும் மறுக்குமாக ஒட்டிவிட்டு மறுபடி முறுக்கிப் பாருங்கள், கை சொல்லிவிடும். இன்றைய கார்களுக்கு லொறியைப் போலத் தனியான இரும்புச் சட்டகம் கிடையாது. தளம், தூண், கூரை எல்லாம் சேர்ந்ததுதான் உடம்பு. தளத்தின் நடுவில் சைலன்சர் குழாய் ஓடுவதற்காகக் கவிழ்த்த ஓடை போல நீளமாக ஒரு குழிவு இருக்கும். கீழ்ப்பக்கம் திறந்திருக்கும் அந்த ஓடையின் இரு கரைகளையும் பிடித்து நிறுத்துவதுதான் பிரேஸ்.

எந்தப் பிரேஸ் என்பதைப் பொறுத்துத்தான் ‘கழற்றலாமா’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லலாம். முந்தைய உரிமையாளர் வெளியில் வாங்கிப் பூட்டிய அலங்காரப் பிரேஸ் என்றால் தாராளமாகக் கழற்றலாம். அந்தக் கார் அது இல்லாமலே வடிவமைக்கப்பட்டது. சக்கரத்தைப் பிடிக்கும் லோவர் ஆர்மோ, அடியில் குறுக்கே போகும் கிராஸ் மெம்பரோ அதில் பூட்டியிருந்தால் அது சக்கரத்தையே தாங்கும் உறுப்பு, தொடவே கூடாது. கூரை திறக்கும் கார்களிலும் அப்படித்தான். மேலே கூரை செய்ய வேண்டிய வேலையையும் அங்கே தளமே செய்கிறது. பி.எம்.டபிள்யூவின் சில மாடல்களில் முன்பக்க அடித்தகடு இல்லாமல் ஓட்டக்கூடாது என்று கம்பனியின் பழுதுபார்ப்பு அறிவுறுத்தலே சொல்கிறது. எங்களுடையதைப் போன்ற சாதாரண செடானில், கம்பனியே பூட்டி அனுப்பிய குறுக்குப் பட்டைதான் சிக்கலான இடம். அதைக் கழற்றினாலும் கார் ஓடும், பிரேக் பிடிக்கும், நேராகவும் போகும். அதனால்தான் ‘ஒண்ணுதான்’ என்று சொல்லத் தோன்றுகிறது.

காலி வீதியில் காலை எட்டு மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் ஊர்ந்தால் ஒரு வித்தியாசமும் தெரியாதுதான். கொட்டாவையில் அதிவேக வீதிக்கு ஏறி, 100ல் போகும்போது சடாரென்று ஒழுங்கை மாறவேண்டி வந்தால்தான் உடம்பின் முறுக்கம் தெரியும். அதைவிடப் பெரிய விஷயம் மோதல். பக்கத்திலிருந்தோ முன்னாலிருந்தோ அடி விழும்போது அந்த விசை எந்தெந்தத் துண்டுகள் வழியாகப் போகவேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் உடம்பைச் செய்கிறார்கள். ஒரு துண்டு இல்லாமல் அந்த மாடலை யாரும் மோதவிட்டுப் பார்த்ததில்லை. பிள்ளைகளைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு அந்தப் பரீட்சையைச் செய்து பார்க்க எனக்கு மனமில்லை.

கழற்றத்தான் வேண்டும் என்ற சந்தர்ப்பமும் உண்டு. ஒரு பக்கம் போல்ட் போய், பட்டை றோட்டை நோக்கித் தொங்கினால் அதை வைத்துக்கொண்டு ஓட்டவே வேண்டாம். ஒரு குழியில் குத்தினால் அது தளத்தையே கிழிக்கும், அல்லது கழன்று பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் சக்கரத்தில் போய் விழும். அந்த இடத்திலேயே கழற்றி டிக்கியில் வைத்து, மெதுவாகக் கராஜுக்குப் போங்கள். அந்தப் பயணத்துக்கு மட்டும்தான் கழற்றுவது சரி.

எதைத் தெரிவு செய்வதாக இருந்தாலும் முதலில் குற்றவாளி யாரென்று உறுதி செய்யுங்கள். பத்துத் தடவையில் பாதிக்கு மேல் சத்தம் வருவது சைலன்சருக்கு மேலே சூட்டைத் தடுக்கும் தகடான ஹீட் ஷீல்டில் இருந்துதான் என்பார் நான் இரண்டாவதாகப் போன பாஸ். தெமட்டகொடைப் பக்கம் குழி வைத்த பழைய கராஜ் அவருடையது. அவர் எஞ்சினை ஓடவிட்டு, ஒரு மரக்கட்டையால் ஒவ்வொரு இடமாக அழுத்திக்கொண்டே வந்தார். ஷீல்டை அழுத்தியபோது சத்தம் மாறவில்லை. சைலன்சரைத் தாங்கும் றப்பர் வளையங்களும் நன்றாகவே இருந்தன. அவை தொய்ந்தால் குழாய் இறங்கி நல்ல பிரேஸிலேயே அடிக்கும். பட்டையின் இடது மூலையை அழுத்தியதும் சத்தம் அப்படியே அடங்கியது. டோர்ச்சை அடித்துக் காட்டினார். சுற்றிவரச் செங்காவி நிறத் துரு, அதன் நடுவில் ஐந்து ரூபாய்க் குற்றியளவு இடம் மட்டும் கண்ணாடி போலப் பளபளத்தது. நான்கு போல்ட்டில் ஒன்று இல்லை, இன்னொன்று விரலால் ஆட்டினாலே ஆடியது. இரும்பும் இரும்பும் மாதக்கணக்கில் உரசிய இடம் அது.

வெல்டிங் அடித்துவிட்டால் ஒரேயடியாக முடிந்துவிடும் என்று அங்கு நின்ற இன்னொருவர் யோசனை சொன்னார். இந்த வழியை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. தளத் தகடு பொதுவாக ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான தடிப்பு. பக்கத்திலேயே பெற்றோல் குழாயும் பிரேக் குழாயும் ஓடுகின்றன, தகட்டுக்கு மேலே கார்ப்பெட். பலம் கூட்டிய உருக்கு, சூட்டில் அந்தப் பலத்தை இழக்கும். நாளைக்குச் சைலன்சரை இறக்கவேண்டி வந்தால் கிரைண்டர் போட்டு வெட்டவும் வேண்டும்.

இடையில் றப்பர் துண்டு வைத்து இறுக்குவது இன்னொரு கைவைத்தியம். சத்தம் சில மாதத்துக்கு நிற்கும். ஆனால் போல்ட் பூட்டிய இணைப்பு தாங்குவது இரு தகடுகளையும் அழுத்திப் பிடிக்கும் இறுக்கத்தால்தான். நடுவில் றப்பர் வந்தால் அது நசுங்க நசுங்க இறுக்கம் போய்விடும். பிறகு போல்ட்டின் தண்டு ஓட்டையின் விளிம்பில் இடித்து இடித்து, வட்ட ஓட்டை முட்டை வடிவமாகும்.

ஆகவே நான் தெரிவு செய்தது சரியாக இறுக்குவதை. கொழும்பின் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உப்புக்காற்றில் துருப்பிடித்த போல்ட்டை வந்தவுடன் ஸ்பானர் போட்டுத் திருகினால், தலை முறிந்து தண்டு உள்ளே நின்றுவிடும். நட்டைத் தளத்துக்கு உள்ளேயே ஒட்டியிருப்பார்கள் என்பதால் அது பெரிய தலையிடி. துரு இளக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே அடித்து ஊறவிடச் சொன்னார் பாஸ். மறுநாள் மிச்சமிருந்த மூன்றும் முனகிக்கொண்டே கழன்றன.

பிறகு பட்டையைச் சீமெந்துத் தரையில் கிடத்திப் பார்த்தோம், ஆடவில்லை, நேராக இருந்தது. ஓட்டைகளும் வட்டம்தான். வளைந்திருந்தாலோ ஓட்டை அகன்றிருந்தாலோ பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போய் அதே சேசிஸ் இலக்கத் தொடருக்குரிய பட்டையைத் தேடியிருப்பேன். வளைந்ததை இழுத்துப் பூட்டினால் தளத்துக்குத்தான் வலி. போல்ட் வாங்கும்போது கவனம் தேவை. துருவுக்குப் பயந்து ஸ்டெயின்லெஸ் கேட்கத் தோன்றும். சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டின் இழுவலிமை (இழுத்தால் அறாமல் தாங்கும் பலம்) 700 மெகாபாஸ்கல், 8.8 என்று தலையில் அடித்திருக்கும் உருக்குப் போல்ட்டினதோ 800. தலையில் ஒன்றும் அடிக்காத மலிவு போல்ட்டை இந்த இடத்துக்கு வாங்கவே வேண்டாம். நான்கு போல்ட்டுக்கும் வொஷருக்கும் போன காசு, ஒரு தரம் பெற்றோல் அடிக்கும் காசில் கால்வாசி கூட இல்லை.

பூட்டும்போது கார் நான்கு சக்கரத்திலும் நிற்கவேண்டும். ஒரு மூலையில் ஜாக் போட்டுத் தூக்கினால் உடம்பு ஏற்கெனவே முறுகியிருக்கும், அந்த முறுக்கோடு சேர்த்துப் பூட்டிவிடுவோம். குழி வைத்த கராஜுக்குப் போனதன் பலன் இங்கேதான் கிடைத்தது. உரசிய இடங்களில் துருவைச் சுரண்டி, மெல்லிய பூச்சு அடித்து, நான்கையும் முதலில் கையால் ஏற்றி, அதன்பிறகு இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சில் மாறிமாறி இறுக்கினார். எத்தனை நியூட்டன் மீற்றர் என்பதை அந்த மாடலின் கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். காற்றிலோ மின்னிலோ வேகமாகத் திருகும் இம்பெக்ட் கன்னை ஒரே அழுத்தாக அழுத்தவிட்டால் உள்ளே ஒட்டிய நட் பிய்ந்து சுழலும்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் நம் கார்கள் எல்லாம் ஐந்து வயது கூடிக் கிழடாகிவிட்டன. வருடா வருடம் நாம் போகும் புகைப் பரிசோதனையில் அடியில் குனிந்து பார்ப்பவர் எவருமில்லை. அடுத்த தடவை எண்ணெய் மாற்ற விடும்போது நீங்களே குழிக்குள் இறங்கிப் பாருங்கள்.

பாஸ் கடைசியாக ஒரு வேலை செய்தார். ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பட்டை வரைக்கும் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிட்டு, “500 கிலோமீற்றர் ஓடிட்டு வாங்க தம்பி, கோடு ஒடஞ்சிருக்கான்னு பாப்போம்” என்றார். போன சனிக்கிழமை போனேன். நான்கு கோடும் நேராகவே இருந்தன.