பிள்ளைக்கு மூக்குக் குச்சியா, எச்சிலா?

சளிக் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு என்ன வைரஸ் என்று பார்க்க மூக்குக்குள் குச்சி விட்டு எடுக்கலாம், எச்சிலைத் துப்பச் சொல்லியும் எடுக்கலாம். சென்ற மழைக்காலத்தில் காரைக்குடியில் எங்கள் மூத்தவளுக்கு இரண்டையும் எடுத்தோம். 7 வயது. இனி அவளுக்கு எச்சில்தான்.

குச்சிதான் நெடுநாள் வழக்கம், எல்லா லேப்களிலும் பழகியது. வலியும் அழுகையும் தெரிந்த கதை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வைரஸைக் கண்டறியும் ஆர்டி-பிசிஆர் சோதனையின் ரிப்போர்ட்டில் சிடி என்றொரு எண் இருக்கும். வைரஸின் மரபணுவை இரட்டித்துக்கொண்டே போய், மெஷினுக்குப் புலப்பட எத்தனை சுற்று ஆனது என்பதே அது. எண் குறைந்தால் வைரஸ் அதிகம். சுமார் 3.3 கூடினால் வைரஸ் பத்தில் ஒரு பங்கு. ஆனால் குச்சியில் ஒட்டி வந்ததைத்தான் மெஷின் எண்ணும். அப்பத்தா தலையைப் பிடிக்க, நான் கையைப் பிடிக்க, இவள் திமிறியதில் குச்சி பாதி வழியிலேயே திரும்பிவிட்டது. வைரஸ் இல்லை என்று வந்தது, காய்ச்சலோ விடவில்லை. மறுபடி எடுக்கலாம் என்றதும் வளவுத் தூணைக் கட்டிக்கொண்டு நகரவே இல்லை. எச்சில் என்றதும் குப்பியை அவளே வாங்கிக்கொண்டாள். இன்ஃப்ளூயன்சா என்று வந்தது. ஒரு பிள்ளையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அரைகுறையாக எடுத்த மூக்குச் சளியைவிட, அமைதியாகத் துப்பிய எச்சிலை நம்புகிறேன்.

அதற்கும் பக்குவம் உண்டு. துப்புவதற்கு முன் 30 நிமிடம் தண்ணீர்கூடக் கூடாது. ஆயா பால் பணியாரத்தை ஊட்டிவிட்டால் காத்திருக்கத்தான் வேண்டும். காறித் துப்பாமல், வாயில் தானாக ஊறுவதைக் குப்பியில் விட வேண்டும்; நுரை கணக்கில் சேராது. கொப்பளிக்கத் தெரிந்த பிள்ளைக்கு நடுவழி ஒன்றும் இருக்கிறது. உப்புநீரைக் கொப்பளித்துக் குப்பியில் விடும் முறை அது. கொரோனாவுக்காக நாக்பூரில் உள்ள நீரி என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது, 2021 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஒப்புதல் கிடைத்தது.

காய்ச்சல் வந்த முதல் சில நாட்களில் வைரஸ் நிறைய இருக்கும், எச்சில் போதும். நாள் கடந்து வைரஸ் இறங்கியபின் எச்சிலில் தவறிப்போக வாய்ப்பு அதிகம். அப்போது மூக்கே மேல். அப்புறம், மூக்கில் வந்த சிடியையும் எச்சிலில் வந்த சிடியையும் பக்கத்தில் வைத்து நோய் இறங்குகிறது என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

சின்னவனுக்கு ஒன்றரை வயது. துப்பத் தெரியாது. ஆர்எஸ்வி என்ற சளி வைரஸ் மூச்சைத் திணறடிக்கும் வயதும் அதுதான். வாய்க்குள் பஞ்சு வைத்து எச்சில் எடுப்பார்களாம், நாங்கள் செய்து பார்த்ததில்லை. அவனுக்கு இப்போதைக்குக் குச்சிதான், கை பழகிய நர்ஸ் இருக்கும் இடமாகப் பார்த்து.