கொழும்பு வான்கோடு கறுப்பு வெள்ளையில்: பிலிமா, வர்ண டிஜிற்றலா, ஒருநிற சென்சரா?

கொழும்பின் வான்கோட்டைக் கறுப்பு வெள்ளையில் எடுக்க விரும்புபவருக்கு இன்று மூன்று வழிகள் திறந்திருக்கின்றன. பிலிமில் எடுத்துக் கழுவலாம். வர்ண டிஜிற்றல் கமராவில் எடுத்துக் கணினியில் நிறத்தை நீக்கலாம். நிறத்தையே அறியாத ஒருநிற சென்சர் பொருத்திய கமராவை வாங்கலாம். இவற்றை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் பிலிமில் தெரியும் நுண்மணிகளைப் பற்றியும் சென்சரின் கூர்மையைப் பற்றியும்தான் வாதிடுகிறார்கள். இந்த நகரத்தைப் பொறுத்தவரை அந்த இரண்டும் பின்னுக்குத் தள்ளப்பட வேண்டியவை என்பது என் எண்ணம். ஒரு நிறம் எந்தச் சாம்பலாக மாற வேண்டும் என்ற முடிவை ஷட்டரை அழுத்துவதற்கு முன்னர் எடுக்கிறோமா, வீட்டுக்கு வந்து எடுக்கிறோமா என்பதே இங்கு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது.

காரணம் நமது வானம். கறுப்பு வெள்ளை கற்பிக்கும் கையேடுகள் அனைத்தும், கட்டடங்களை எடுக்கும்போது லென்ஸின் முன் மஞ்சள், செம்மஞ்சள் அல்லது சிவப்பு பில்டரைப் போடச் சொல்கின்றன. ஒரு ஸ்டொப் என்பது ஒளி பாதியாகக் குறைவது. மஞ்சள் ஏறத்தாழ 1 ஸ்டொப் ஒளியையும், செம்மஞ்சள் 2 ஸ்டொப்பையும், சிவப்பு 3 ஸ்டொப்பையும் விழுங்கும். பதிலுக்கு நீல வானத்தைக் கருமையாக்கி, முகில்களையும் வெளிறிய சுவர்களையும் முன்னே தள்ளும். உலர்ந்த காற்றுள்ள ஊர்களுக்கு இது சரியான அறிவுரை. கொழும்பின் காற்றில் கடலிலிருந்து வரும் ஈரம் எந்நேரமும் நிறைந்திருக்கிறது. மிக நுண்ணிய துணிக்கைகள் நீல ஒளியையே அதிகம் சிதறடிப்பதால், அவற்றால் தொலைவில் தோன்றும் புகாரை (மங்கலை) சிவப்பு பில்டர் வெட்டிவிடும். ஆனால் நீர்த்துளிகள் அவற்றைவிடப் பெரியவை, எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிப்பவை. அதனால் உருவாகும் வெண்ணிறப் புகாருக்கு சிவப்பும் ஒன்றுதான், பச்சையும் ஒன்றுதான். தென்மேல் பருவப்பெயர்ச்சி நிலவும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் காலி முகத்திடலில் நின்று சிவப்பு பில்டரைத் திருகுபவருக்கு, 3 ஸ்டொப்பை இழந்தும், எடுத்த படத்தில் வானம் அதே வெள்ளைத்தாளாகவே இருக்கும். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரையான சில காலைப் பொழுதுகளில் மட்டும் கையேட்டின் சொல் பலிக்கிறது.

வானம் உதவாதபோது படத்துக்கு வேறுபாட்டைத் தர வேண்டியவை கட்டடங்களின் சொந்த நிறங்களே. நல்லவேளையாக இந்த நகரில் அதற்குப் பஞ்சமில்லை. 2022 செப்டெம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தாமரைக் கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். 350 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட உயரத்தோடு எங்கிருந்து பார்த்தாலும் சட்டகத்துக்குள் வந்து நிற்கும் அதன் தண்டு பச்சை. மொட்டு ஊதா கலந்த இளஞ்சிவப்பு. கண்ணுக்கு இவ்வளவு வேறுபட்டுத் தெரியும் இவ்விரண்டும், பில்டர் இல்லாத சாதாரண கறுப்பு வெள்ளை பிலிமில் ஒன்றையொன்று அண்மித்த சாம்பலாகிவிடுகின்றன. சிவப்பு பில்டர் போட்டால் மொட்டு வெளிறும், தண்டு கருக்கும். ஆனால் வெளிறிய மொட்டுக்குப் பின்னால் வெளிறிய வானம் இருக்கிறதே! கோபுரத்தின் தலை கரைந்து, உச்சியற்ற கம்பம் ஒன்றுதான் மிஞ்சும். பச்சை பில்டர் இதைத் தலைகீழாக்குகிறது. மொட்டு கருத்து, வெள்ளை வானத்தின் முன் தெளிவான வடிவமாக எழுகிறது. கையேடுகளில் இலைகளுக்கும் முகங்களுக்கும் என்று ஒரு வரியோடு கடந்துபோகப்படும் பச்சை பில்டர், கொழும்பில் கட்டட பில்டராக மாறிவிடுகிறது.

புறக்கோட்டையின் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு. 1909இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் அடையாளமே சிவப்பும் வெள்ளையுமான வரிகள். சிவப்பு பில்டரின் வழியாகப் பார்த்தால் சிவப்பு வரிகள் வெள்ளையை நெருங்கி, வரிகளே இல்லாத சுவராகிவிடும். சிவப்பு ஒளியை உணராத ஓர்தோகுரோமற்றிக் பிலிமில், உதாரணமாக இல்ஃபோர்ட் ஓர்தோ பிளஸில், அதே வரிகள் மை போலக் கருத்து நிற்கும். ஒரே சட்டகத்தில் பள்ளிவாசலின் மினாரங்களும் தொலைவில் கோட்டையின் கோபுரங்களும் வரும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. ஏனெனில் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் கண்ணாடியால் மூடப்பட்டவை, தமக்கென்று நிறமில்லாமல் அன்றைய வானத்தின் வெளிச்சத்தையே திருப்பித் தருபவை. பள்ளிவாசலுக்கு வேண்டியது ஒரு பில்டர், கண்ணாடிக்கு வேண்டியது இன்னொன்று. பிலிமில் இரண்டையும் ஒரே சட்டகத்தில் தர முடியாது.

வர்ண டிஜிற்றல் வழி வெல்வது இந்த இடத்தில்தான். சென்சர் பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பில் எடுத்துவிட்டால், சிவப்பை இருட்டாக்கி, இளஞ்சிவப்பைத் தனியாக இறக்கி, பச்சையை உயர்த்தி, நீலத்தை விருப்பம்போல் வைத்து, ஒரே படத்தை மூன்று விதமாகப் பார்த்துத் தெரிவுசெய்யலாம். கண்ணாடிக் கோபுரங்களின் பிரதிபலிப்பை மட்டும் மென்பொருள் நீக்காது. அதற்கு லென்ஸில் போலரைசர் வேண்டும். நீலத்தை உயர்த்திப் பார்ப்பதும் பயனுள்ளது. தொலைவுப் புகாரில் நீலத்தின் பங்கு எஞ்சியிருக்கும் நாட்களில், அது பின்வரிசைக் கட்டடங்களை மேலும் வெளிறச் செய்து, முன்வரிசையைப் பிரித்துக் காட்டும். பேர வாவிக்கு அப்பால், ஒரு கோபுரம் நேராக நிற்க மற்றது அதன்மேல் சாய்ந்திருக்கும் 240 மீற்றர் அல்டெயாரைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க இந்த உத்தி நன்றாக உதவுகிறது. புகாரை எதிரியாக மட்டுமே காண்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

இந்தச் சுதந்திரத்துக்கு விலையும் உண்டு. சாதாரண வர்ண சென்சரில் நான்கு புள்ளிகளில் ஒன்றுதான் சிவப்பைப் பதிகிறது, ஒன்று நீலத்தை, இரண்டு பச்சையை. மீதியை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. ஆகவே ஒரு நிறத்தைக் கடுமையாக இழுத்தால், நாம் பெரிதாக்குவது கமரா உண்மையில் கண்டதில் ஒரு பகுதியையும் அதன் இரைச்சலையும் (படத்தில் தோன்றும் தேவையற்ற புள்ளிகளையும்)தான். கட்டடத்தின் விளிம்பும் வானமும் சந்திக்கும் கோட்டில் வெளிர்ந்த ஓரம் ஒன்று தோன்றும். சமதளமான வானம் புள்ளி புள்ளியாக உடையும். வான்கோட்டுப் படம் என்பதே அந்த ஒரு கோடுதான் என்பதால், பூவையோ முகத்தையோ எடுப்பவர் பொறுத்துக்கொள்ளும் குறையை இங்கு பொறுக்க முடியாது. மென்பொருளின் சறுக்கியை எல்லைவரை தள்ளுபவர்களின் படங்களை அந்த ஒளிவட்டத்தை வைத்தே அடையாளம் காணலாம். பச்சை இரண்டு புள்ளிகளைப் பெறுவதால், நமக்கு இங்கு அதிகம் தேவைப்படும் பச்சை பக்கச் சாய்வு ஒப்பீட்டளவில் துப்புரவாக வருகிறது என்பது ஓர் ஆறுதல்.

பிலிம் தன் உரிமையை நிலைநாட்டுவது இருட்டிய பின்னர். இரவில் தாமரைக் கோபுரத்தின் விளக்குகள் நிறம் மாறிக்கொண்டிருக்கும். தூய நீலமோ மயில்நீலமோ எரியும்போது வர்ண சென்சரின் ஒரு நிறம் மட்டும் நிரம்பி வழிந்து, மொட்டு விவரமற்ற தட்டையான திட்டாகிவிடும். நெகற்றிவ் பிலிம் மிகுந்த ஒளியை அப்படித் திடீரென்று கைவிடுவதில்லை. ஒளி கூடக்கூட அதன் அடர்த்தி மெல்ல மெல்லவே உச்சத்தை நெருங்குகிறது. ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்கும் நீண்ட எக்ஸ்போஷரில் விளக்குகளின் நிற மாற்றங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சராசரிச் சாம்பலாகவும் அமைந்துவிடுகின்றன. வாவி நீரில் விழும் பிரதிபலிப்புகளுக்கும் இதே மென்மை கிடைக்கிறது. ஆனால் நீண்ட எக்ஸ்போஷரில் பிலிமின் உணர்திறன் குறையும் என்பதை மறக்கக் கூடாது. இல்ஃபோர்ட் நிறுவனம் தரும் கணக்கின்படி, அதன் எச்பி5 பிளஸ் பிலிமில் ஒளிமானி 10 செக்கன் காட்டினால் ஏறத்தாழ 20 செக்கன் திறந்திருக்க வேண்டும். 30 செக்கன் காட்டினால் 86 செக்கன் அளவு. ஃபியூஜியின் அக்ரோஸ் 2 பிலிமுக்கு 120 செக்கன் வரை இந்தத் திருத்தம் தேவையில்லை. இரவில் வான்கோட்டை மட்டுமே எடுக்க நினைப்பவர் அதைத் தேடிப்பிடிப்பது பயன் தரும்.

கழுவும் வேலையில் கொழும்பின் வெப்பம் குறுக்கே வருகிறது. நேர அட்டவணைகள் 20 பாகை செல்சியஸை வைத்து எழுதப்பட்டவை. நமது குழாய்த் தண்ணீர் அதைவிடப் பல பாகை சூடானது. ஐடி-11 என்ற டெவலப்பரில் (படத்தை வெளிக்கொணரும் கரைசலில்) நீர்க்காமல் 20 பாகையில் ஏழரை நிமிடம் எடுக்கும் எச்பி5 பிளஸுக்கு, இங்குள்ள வெப்பத்தில் 5 நிமிடமும் தேவைப்படாது. 5 நிமிடத்துக்குக் கீழே போனால் டெவலப்பர் சமமாகப் பரவ நேரமின்றி, சமதளமான வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். வானம் பாதிச் சட்டகத்தை நிரப்பும் படங்களில் இந்தப் பட்டைகளை மறைக்க இடமே இல்லை. எனவே ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து, பனிக்கட்டி வைத்த தொட்டியில் 20 பாகைக்கு இறக்கி, 13 நிமிடம் கழுவுவது பாதுகாப்பானது. 24 பாகைக்குக் கீழே இறக்க முடியாதவருக்கும் ஏறத்தாழ 9 நிமிடம் மிஞ்சும்.

கொழும்பில் கறுப்பு வெள்ளை என்றதும் இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்டின் (1900–1944) பெயர் எழுவது இயல்பு. இருட்டறையில் சோலரைசேஷன் (படத்தின் நிழலும் வெளிச்சமும் ஓரளவு தலைகீழாவது) போன்ற உத்திகளை அவர் கையாண்ட விதத்தைக் கண்டவர்கள், பிலிமின் பயனில் பாதி அச்சிடும் தாளில் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்வார்கள். நெகற்றிவை ஸ்கான் செய்து தொலைபேசித் திரையில் மட்டும் காட்டப்போகிறவர் அந்தப் பாதியைக் கைவிடுகிறார். அவருக்கு பிலிம் வழி செலவுக்கும் அலைச்சலுக்கும் தகுந்ததா என்பது ஐயமே. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி பிலிம் எடுப்பிப்பவர்கள், அதைக் கைப்பையில் கொண்டுவரச் சொல்ல வேண்டும். சரக்கறைக்குப் போகும் பெட்டிகளுக்கான எக்ஸ் கதிர், கழுவாத பிலிமைக் கெடுக்கும்.

மூன்றாவது வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. லைக்கா 2012இல் வெளியிட்ட எம் மொனோகுரோம் முதல், 2023இல் வந்த எம்11 மொனோகுரோமும் பென்ரக்ஸ் கே-3 மார்க் 3 மொனோகுரோமும் வரை, இவற்றின் சென்சரில் நிறப் பில்டர் அடுக்கு இல்லை. எல்லாப் புள்ளிகளும் எல்லா ஒளியையும் பதிகின்றன. விளிம்புகள் துப்புரவானவை, இருட்டில் இரைச்சல் குறைவு. கோட்டைப் பகுதியில் முக்காலியை விரித்தால் யாராவது ஒரு காவலாளி வந்து விசாரிப்பது வழக்கமாகிவிட்ட நிலையில், உயர்ந்த ஐஎஸ்ஓவில் (ஒளி உணர்திறனில்) கையில் பிடித்தபடியே இரவுப் படம் எடுக்கக்கூடிய கமராவின் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் பகலில் இது பிலிமின் குறையையும் டிஜிற்றலின் குறையையும் ஒன்றாகச் சுமக்கிறது. பில்டரை முன்கூட்டியே தெரிவுசெய்ய வேண்டும். அதோடு, வெண்மை நிரம்பி வழிந்த இடத்தை மீட்க வேறொரு நிறத்தின் தரவு கைவசம் இல்லை. வெள்ளை வானத்தின் கீழ் இக்கமராவோடு நிற்பவர் ஒவ்வொரு முறையும் எக்ஸ்போஷரைக் குறைத்தே எடுக்க நேரிடுகிறது. அதன் விலையையும் சேர்த்துப் பார்த்தால், வேறெதையும் எடுக்காமல் கறுப்பு வெள்ளை மட்டுமே எடுக்கும் ஒருவருக்கன்றி நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வர்ண டிஜிற்றலும் பிலிமும் சமமாக நிற்கும் ஒரு சூழல் இந்நகரில் உண்டு. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் வரும் இடைப்பருவப்பெயர்ச்சிக் காலத்தில், பிற்பகலில் உள்நாட்டுப் பக்கம் இடிமுகில்கள் திரள்கின்றன. கடற்பக்கம் பெரும்பாலும் திறந்தே இருக்கும். துறைமுக நகரத்தின் கரையில் நின்று கிழக்கே திரும்பினால், மேற்கே தாழ்ந்த சூரியன் இலங்கை வங்கித் தலைமையகத்தின் உருளைக் கோபுரத்தையும் அதன் அயலிலுள்ள கோபுரங்களையும் முகப்பில் ஒளியூட்ட, பின்னால் கருவானம் நிற்கும். அந்த அரைமணி நேரத்தில் வேறுபாட்டை வானமே தந்துவிடுவதால் எந்த பில்டரும் தேவையில்லை, எந்த நிறத்தையும் இழுக்க வேண்டியதில்லை. 125 ஐஎஸ்ஓ உடைய எஃப்பி4 பிளஸ் போன்ற மெதுவான பிலிமும் போதும்.

மற்ற நாட்களுக்கு, ஏற்கெனவே ஒரு வர்ணக் கமராவோ ரோ கோப்பு தரும் தொலைபேசியோ வைத்திருப்பவர் புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் ஒரு போலரைசரை வாங்கட்டும். லென்ஸில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கச் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய பெட்டியில் வைக்கட்டும். பிலிமில்தான் எடுப்பேன் என்பவர் போலரைசருக்கு அடுத்ததாக, சிவப்பைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு மஞ்சள்பச்சை பில்டரைத் தேட வேண்டும். ராற்றன் 11 என்று குறிக்கப்படும் அது ஏறத்தாழ 2 ஸ்டொப் ஒளியை எடுத்துக்கொள்ளும்; எச்பி5 பிளஸின் 400 ஐஎஸ்ஓவை 100 என்று மானியில் வைத்து அளந்தால் கணக்குச் சரியாகிவிடும்.